யானைக் கூட்டத்தில் எத்தனை யானை? கபினி தரும் ஒரு கணக்கு

ஆப்பிரிக்கப் புல்வெளி யானைகள் பெரிய பெரிய கூட்டங்களாகத் திரிகின்றன, ஆசிய யானைகளோ இரண்டு மூன்று பிடிகளும் குட்டிகளுமாகச் சின்னக் கூட்டத்தில்தான் இருக்கின்றன என்பது காட்டுயிர் ஆய்வில் பழைய செய்தி. அதிலிருந்து இன்னொரு முடிவுக்கும் பலர் போய்விட்டார்கள்: ஆசிய யானையின் சமூக வாழ்க்கை அவ்வளவு ஆழமானதல்ல, தாயும் மகளும் சகோதரியும் சேர்ந்த குடும்பத்தோடு அது முடிந்துவிடுகிறது. 2000-இல் இலங்கையின் ருகுணு தேசியப் பூங்காவில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் ரசல் லாண்டேயும் ரேடியோ கழுத்துப்பட்டையும் டி.என்.ஏ.வும் வைத்துச் செய்த ஆய்வு இந்த எண்ணத்துக்கு வலு சேர்த்தது. கூட்டங்கள் சிறியவை, தாய்வழி உறவுக்குள் அடங்கியவை, அதற்கு மேல் பெரிய அமைப்பு எதுவும் கண்ணில் படவில்லை என்றது அது.

கென்யாவின் சம்புருவில் ஜார்ஜ் விட்டமையர் குழு 2005-இல் காட்டிய படம் வேறு. தாயும் குட்டிகளும், அவற்றுக்கு மேல் குடும்பம், குடும்பங்கள் சேர்ந்த பிணைப்பு, அதற்கும் மேல் குலம் என்று அடுக்கடுக்கான சமூகம். ஆக, ஆசியாவில் அடுக்கு இல்லை, ஆப்பிரிக்காவில் உண்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் டி.என்.சி. வித்யா குழு அப்படிப் போகவில்லை. 2009 முதல் கபினி நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளில் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிவு செய்துவந்த அந்தக் குழு, 2018-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தது: கூட்ட அளவில் உள்ள வித்தியாசம், அடியில் இருக்கும் ஒற்றுமையை மறைத்துவிடலாம்.

இந்த ஆய்வுக் குறிப்பு அந்த ஒரு வரியைப் பற்றியது. கூட்ட அளவு என்பது காட்டில் கிடக்கும் கல் மாதிரி எடுத்துவந்து எடை போடக்கூடிய பொருள் இல்லை. எதைக் கூட்டம் என்கிறோம், யார் பக்கம் நின்று சராசரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே குறிப்பேட்டிலிருந்து 3-ம் வரும், 17-ம் வரும்.

முதலில் களம். கபினி அணை 1974-இல் கட்டப்பட்டது. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் பசும்புல் வெளிப்படும். காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் அந்தப் புல்லுக்காக யானைகள் இறங்கிவரும். ஜீப்பில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதைவிட வசதியான இடம் தென்னிந்தியாவில் குறைவு. ஆசியப் பெண் யானைக்கு வெளியே நீளும் தந்தம் இல்லை, அதனால் ஆளை அடையாளம் காணக் காதுதான் முதல் ஆதாரம். காது மடலின் மேல்விளிம்பு முன்பக்கம் மடிந்திருக்கிறதா, பின்பக்கமா, எவ்வளவு மடிந்திருக்கிறது, கிழிசல் எங்கே, ஓட்டை எங்கே, வாலில் முடி இரண்டு பக்கமும் இருக்கிறதா, முதுகு எப்படி வளைந்திருக்கிறது என்று ஒரு பட்டியலே உண்டு. இப்படி ஆளை அறிந்து எழுதிய குறிப்பேட்டுக்கும் தலையை மட்டும் எண்ணிய குறிப்பேட்டுக்கும் உள்ள தூரம் பின்னால் தெரியும்.

அடுத்தது கூட்டத்துக்கு வரையறை. கபினிக் குழுவுக்குக் கூட்டம் என்றால், சேர்ந்து நகரும், ஒன்றோடொன்று நட்போடு பழகும் பெண் யானைகள். பொதுவாக 50 முதல் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரே புல்வெளியில் நின்றால் மட்டும் போதாது. இது கறாரான விதி, எனக்குப் பிடித்த விதியும்கூட. புல்வெளியில் 30 யானை நிற்பதைப் பார்த்து ‘30’ என்று எழுதுவது சுலபம். அவை மூன்று குலங்களாக இருக்கலாம், புல்லுக்காக ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கலாம். கபினிப் புல்வெளியில் வெவ்வேறு குலங்களுக்கு இடையே இப்படிப்பட்ட மோதல்களை இதே குழு பதிவு செய்திருக்கிறது. இலங்கையின் மின்னேரியாவில் வறட்சிக் காலத்தில் குளம் வற்றும்போது நூற்றுக்கணக்கான யானைகள் திரள்வது உலகப் புகழ்பெற்ற காட்சி. அந்தத் திரளை ஒரே கூட்டமாக எழுதினால் ஆசிய யானைதான் உலகிலேயே பெரிய கூட்டவாசி என்று ஆகிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை, எந்தக் காட்டின் தரவும் அல்ல. பத்து முறை கூட்டங்களைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை: 2, 3, 2, 4, 3, 5, 2, 3, 6, 30. மொத்தம் 60 யானை, 10 கூட்டம். சராசரி 6. ஆனால் 6 யானை இருந்த கூட்டம் ஒன்றே ஒன்றுதான், எட்டுக் கூட்டங்கள் அதைவிடச் சின்னவை. சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வரும் இடைநிலை அளவு 3. ‘பொதுவாக மூன்று யானை சேர்ந்து திரியும்’ என்று இந்தக் குறிப்பேட்டை வைத்துச் சொன்னால், கூட்டங்களைப் பொறுத்தவரை அது சரி.

இப்போது யானைகளைக் கேட்போம். உன்னைச் சுற்றி, உன்னையும் சேர்த்து, எத்தனை பேர்? 30 பேர் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு யானையும் ‘30’ என்று சொல்லும், அப்படிச் சொல்பவை மட்டும் 30. இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தவை ‘2’ என்று சொல்லும், அவை மொத்தமே ஆறு. பதில்களைக் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு கூட்ட அளவையும் அதாலேயே பெருக்கிக் கூட்டவேண்டும். மொத்தம் 1016. அதை 60-ஆல் வகுத்தால் 16.9. ஏறக்குறைய 17.

டவுன் பஸ் ஓடும் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு டிரிப்பில் இருபது பேர்தான் ஏறினார்கள் என்று டிப்போ கணக்கு சொல்லும். பயணிகளைக் கேட்டால் எப்போதும் கூட்டம் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஏனென்றால் காலி பஸ்ஸில் போய்ச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது.

இந்த இரண்டாவது எண்ணை விலங்குகளுக்கு முறைப்படி கொண்டுவந்தவர் பீட்டர் ஜார்மன். ஆப்பிரிக்க இரலை மான்களின் சமூக அமைப்பைப் பற்றி 1974-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. புதரில் ஜோடியாக ஒளிந்து வாழும் டிக்-டிக் ஒரு கோடியில், நூற்றுக்கணக்கில் மேயும் காட்டெருமை மறு கோடியில். உடல் பெருகப் பெருக உணவுத் தேர்வு தளர்கிறது, உணவு தளரும்போது கூட்டம் பெருக்கிறது என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு ஒரு விலங்கு எத்தனை பேர் நடுவில் வாழ்கிறது என்பதுதான் தேவைப்பட்டது, பார்ப்பவர் எத்தனை கூட்டம் கண்டார் என்பதல்ல. அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1967-இல், மான்ட்டி லாயிட் ‘சராசரி நெரிசல்’ என்று கிட்டத்தட்ட இதே கணக்கைச் சொல்லியிருந்தார். அவர் தன்னைச் சேர்க்காமல் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணினார், அதனால் அவர் எண் ஒன்று குறைவாக வரும். 6 என்று வந்த முதல் எண்ணைக் கூட்டவழிச் சராசரி என்றும் 17 என்று வந்த இரண்டாவதை யானைவழிச் சராசரி என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் கூட்டவழிச் சராசரி தவறா? இல்லவே இல்லை. தலைக்கணக்கு எடுக்கும்போது அதுதான் வேண்டும். உல்லாஸ் காரந்தும் மெல் சன்குவிஸ்ட்டும் நாகரஹொளேயில் மான், காட்டெருது முதலியவற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டு 1992-இல் வெளியிட்டார்கள். காட்டுக்குள் வெட்டிய நேர்கோட்டுப் பாதையில் நடந்து, கண்ட கூட்டங்களையும் அவை இருந்த தொலைவையும் குறிப்பது அந்த முறை. சதுர கிலோமீட்டருக்கு எத்தனை கூட்டம் என்று கண்டுபிடித்து, அதைக் கூட்டவழிச் சராசரியால் பெருக்கினால் எத்தனை விலங்கு என்று வரும். அங்கே போய் யானைவழிச் சராசரியைப் போட்டால் காட்டில் இல்லாத யானையெல்லாம் முளைத்துவிடும். நம் உதாரணத்தில் 10 கூட்டத்தை 17-ஆல் பெருக்கினால் 170, உள்ளது 60. புலி ஒரு கூட்டத்தைச் சந்திக்கும்போது எத்தனை பேர் இருப்பார்கள் என்றாலும் கூட்டவழிச் சராசரிதான். குட்டிக்கு எத்தனை பேர் காவல், ஒட்டுண்ணி ஒரு விலங்கிலிருந்து எத்தனை விலங்குக்குத் தாவலாம், புல்லுக்கு எத்தனை வாய் போட்டி என்றால் யானைவழி. கேள்வி தெரியாமல் சராசரி எடுத்தால் எது வந்தாலும் ஒன்றுதான்.

இந்த இரண்டு எண்களும் ஒரே மாதிரி அசைவதும் இல்லை. நம் பத்துக் கூட்டங்களோடு தனித்துத் திரியும் ஐந்து கொம்பன்களைச் சேர்ப்போம். தனியே நிற்கும் ஆண் யானையை ‘1’ என்று எழுதுவதா, கூட்டமே இல்லை என்று விடுவதா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வழக்கம் வேறு. சேர்த்தால் கூட்டவழிச் சராசரி 6-லிருந்து 4.3-க்கு இறங்குகிறது. யானைவழிச் சராசரி 16.9-லிருந்து 15.7-க்குத்தான் போகிறது. அடுத்து, அந்த 30 உண்மையில் பத்துப் பத்தாக மூன்று கூட்டம் என்று வரையறையைக் கறாராக்குவோம். இப்போது கூட்டவழிச் சராசரி 6-லிருந்து 5. யானைவழிச் சராசரி 17-லிருந்து 7-க்கு விழுந்துவிடுகிறது. ஒன்றைச் சின்னக் கூட்டங்கள் ஆட்டிவைக்கின்றன, மற்றொன்றைப் பெரிய கூட்டங்கள். குட்டிகளைச் சேர்ப்பதா என்பது இன்னொரு தகராறு. கபினியில் வளர்ந்த பெண் யானைகளை மட்டும் எண்ணுகிறார்கள். வேறோர் ஆய்வில் குட்டியையும் சேர்த்து எழுதியிருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

உண்மையான சராசரி எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்று பிழை வரம்பு போடும் இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 60 யானை, 60 பதில், அதனால் 60 தரவு என்று எடுத்துக்கொண்டு பாடப்புத்தகச் சூத்திரத்தைப் போட்டால் யானைவழிச் சராசரிக்கு ஏறக்குறைய 14 முதல் 20 வரை என்று அழகான, குறுகிய இடைவெளி கிடைக்கும். அது பொய். 30 பேர் கூட்டத்தில் இருந்த 30 யானையும் சொன்னது ஒரே பதிலைத்தான், அந்தப் பதில் பிறந்தது ஒரே ஒரு சந்திப்பில். உண்மையில் நம்மிடம் இருப்பது பத்துத் தரவு. ஹங்கேரியைச் சேர்ந்த யேனோ ரைட்சிகல் குழு 2008-இல் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவில் பறவைப் பேன்களை ஆராய்பவரும் இருந்தார். ஒரு பறவைமேல் எத்தனை பேன் என்பதும், ஒரு பேனுக்குப் பக்கத்தில் எத்தனை பேன் என்பதும் இதே இரட்டைக் கேள்விதான் என்பதால், யானைக்காரர்களைவிடப் பேன்காரர்களுக்கு இது முன்பே உறைத்ததில் ஆச்சரியமில்லை.

அவர்கள் சொன்ன வழி பூட்ஸ்ட்ராப். பத்துக் கூட்டத்தையும் பத்துச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து மறுபடி உள்ளே போட்டு, இப்படியே பத்து முறை எடுக்க வேண்டும். வந்த பத்துக்கும் யானைவழிச் சராசரி போட வேண்டும். இதைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். கவனிக்க வேண்டியது, சீட்டில் இருப்பது கூட்டம், யானை அல்ல. நம் உதாரணத்தில் 30 என்ற சீட்டு ஒரு முறைகூட வராமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது சராசரி 4-ஐ ஒட்டி நிற்கும். அதே சீட்டு மூன்று தடவை வந்துவிட்டால் 25-ஐ ஒட்டிப் போய்விடும். ஆக, நம்பிக்கை இடைவெளி, அதாவது அந்தப் பிழை வரம்பு, மூன்று சொச்சத்தில் தொடங்கி 20-ஐத் தாண்டி நிற்கிறது. பத்துச் சந்திப்பை வைத்துக்கொண்டு யானைவழிச் சராசரியைப் பற்றிப் பேசவே கூடாது என்பதுதான் இதன் பொருள். பெரிய கூட்டங்கள் அரிதாக வரும் இடத்தில் நூற்றுக்கணக்கான சந்திப்புகள் வேண்டும்.

சந்திப்புகள் கூடினால் மட்டும் தீராத கோளாறுகளும் உண்டு. உண்ணிச்செடி மண்டிய காட்டில் ஒற்றை யானை இருபது மீட்டரில் நின்றாலும் தெரியாமல் போகலாம். இருபது யானை கிளையொடிக்கும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அதாவது பெரிய கூட்டம் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம், நம் குறிப்பேடு எப்போதும் பெரிய கூட்டத்தின் பக்கமே சாய்ந்திருக்கும். பாதைக்கு மிக அருகில் கண்ட கூட்டங்களின் அளவையும் தூரத்தில் கண்டவற்றின் அளவையும் ஒப்பிட்டால் இந்தச் சாய்வு தெரிந்துவிடும். தூரம் போகப் போகக் கூட்டம் பெருத்துக்கொண்டே போனால், பெருத்தது கூட்டமல்ல, நம் பார்வைக் கோளாறு. தொலைவை அளந்து எழுதியிருந்தால் திருத்தலாம். எழுதாவிட்டால் வழியில்லை. கபினியில் நீர்த்தேக்க ஓரத்தில் பார்ப்பது சுலபம், காட்டுக்குள் கடினம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் கோடையில் கூட்டம் பெருக்கிறது என்று தோன்றும். உண்மையிலேயே பெருத்திருக்கலாம், வெளிச்சமாகத் தெரிந்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம், மறுபடி மறுபடி வரும் முகங்கள். ஜீப்புக்குப் பழகிய ஒரு குலம் தினமும் கரைக்கு வந்தால், குறிப்பேட்டில் பாதி அந்தக் குலத்தின் கதையாகிவிடும். காது பார்த்து ஆளை அறிந்துவைத்த குறிப்பேடு இங்கேதான் உதவுகிறது. ஒவ்வொரு பிடிக்கும் தனித்தனியாக, அவளைக் கண்டபோதெல்லாம் கூட இருந்தவர்களின் சராசரியை எடுத்து, அதன்பிறகு எல்லாப் பிடிகளுக்கும் சேர்த்துச் சராசரி போடலாம். நூறு முறை கண்டவளுக்கும் பத்து முறை கண்டவளுக்கும் ஒரே ஓட்டு. தலையை மட்டும் எண்ணியவர்களால் இதைச் செய்யவே முடியாது. இலங்கையின் உடவளவையில் ஷெர்மின் டி சில்வா குழு 286 வளர்ந்த பெண் யானைகளை அடையாளம் கண்டு, 20 மாதத் தரவை வைத்து 2011-இல் வெளியிட்ட, யார் யாரோடு சேர்ந்து திரிகிறார்கள் என்று கோத்துப் பார்க்கும் வலைப்பின்னல் ஆய்வு இந்த வழியில் வந்ததுதான். ஒரு நாளில் பார்த்தால் சின்னக் கூட்டம். மாதக்கணக்கில் கோத்துப் பார்த்தால், ஒரு பிடிக்குப் பழக்கமானவர்கள் அந்தக் கூட்டத்தைத் தாண்டி எங்கோ போகிறார்கள், பருவத்துக்குப் பருவம் மாறவும் செய்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான் கபினிக் குழுவின் வாதம் புரியும். பத்துப் பிடிகள் கொண்ட ஒரு குலம் என்று வைப்போம். எல்லாருக்கும் எல்லாரோடும் சம நட்பு. உணவு போதாத காட்டில் அவை மூன்று மூன்றாகத்தான் திரிய முடியும். ஒருத்தியைப் பார்க்கும்போது அவளோடு இருப்பவர்கள் ஒன்பதில் இரண்டு பேர், ஆகக் குறிப்பிட்ட ஒரு தோழியோடு அவளைக் காண வாய்ப்பு 22 சதவீதம். அதே குலத்தை எட்டு எட்டாகத் திரிய விடுங்கள். வாய்ப்பு 78 சதவீதம். நட்பு மாறவில்லை, குலம் மாறவில்லை, கூட்ட அளவு மட்டும் மாறியது. ஆனால் ‘சேர்ந்து காணப்பட்ட விகிதம்’ என்ற அளவை வைத்து வலைப்பின்னல் வரைந்தால் முதலாவது நூல் நூலாகத் தெரியும், இரண்டாவது கயிறாகத் தெரியும். முதலாவதைப் பார்த்து ‘இங்கே குலமே இல்லை, உதிரிக் குடும்பங்கள்தான்’ என்று எழுதிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. சந்திப்புகள் குறைவாக இருந்தால் நிச்சயம் அப்படித்தான் எழுதுவோம்.

டி சில்வாவும் விட்டமையரும் 2012-இல் உடவளவையையும் சம்புருவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இலங்கையில் கூட்டம் சின்னது, இணைப்பு தளர்ந்தது, அடுக்குகள் தெளிவில்லை என்று வந்தது. காரணமாகச் சூழலையும் வேட்டை விலங்குகளையும் பேசினார்கள். சம்புருவில் சிங்கம் உண்டு, உடவளவையில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. கபினிக் குழு அந்த இரண்டு இடங்களோடு கபினியையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. கபினியில் பிடிகள் நாளுக்கு நாள் பிரிந்து சேர்ந்து கொண்டிருந்தாலும், அந்தக் கலைப்பு ஒரு குலத்துக்கு உள்ளேதான் நடந்தது. யாரோடு வேண்டுமானாலும் போய்ச் சேருவதில்லை. கூட்டத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டே தோழிகளை மாற்றி மாற்றிக் குலம் முழுவதோடும் தொடர்பில் இருக்கிறார்கள். கூட்ட அளவு என்ற திரையை விலக்கிப் பார்த்தால் கபினிக்கும் சம்புருவுக்கும் நாம் நினைத்த தூரம் இல்லை.

இதை ‘ஆசிய யானையும் ஆப்பிரிக்க யானையும் ஒன்றே’ என்று யாராவது திருப்பிச் சொன்னால் அதுவும் அவசரம் என்பேன். ஒரு நேரத்தில் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்கும் தனி மதிப்பு உண்டு. குட்டிக்குக் காவல் நிற்பவர்கள் அந்த நேரத்தில் கூட இருப்பவர்கள்தான், குலத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லாம் அல்ல. எனவே கூட்ட அளவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதை வைத்துக் குலத்தை அளக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய அறிக்கைகளை மறுபடி எடுத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சராசரியோடு, எண்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் கொடுத்திருந்தால், மூலக் குறிப்பேடு இல்லாமலே யானைவழிச் சராசரியை எடுத்துவிடலாம். திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்தி, சராசரியால் வகுத்து, வந்ததோடு சராசரியைக் கூட்ட வேண்டும். நம் உதாரணத்தில் சராசரி 6, திட்ட விலக்கம் 8.1, அதன் வர்க்கம் 65.6. ஆறால் வகுத்தால் 10.9, ஆறைக் கூட்டினால் 16.9. நேராகப் போட்டதும் அதுதான். பல கணினி நிரல்கள் திட்ட விலக்கத்தைப் பத்தால் வகுக்காமல் ஒன்பதால் வகுத்துத் தரும், அப்போது விடை கொஞ்சம் கூடுதலாக வரும், சந்திப்புகள் அதிகமானால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். எண்ணிக்கைப் பட்டியலே அச்சில் இருந்தால் இன்னும் நல்லது, பூட்ஸ்ட்ராப்பும் செய்யலாம். ‘சராசரிக் கூட்ட அளவு இவ்வளவு’ என்று ஒற்றை எண் மட்டும் போட்டிருந்தால் அந்த அறிக்கையிலிருந்து யானைவழிச் சராசரியை எடுக்க வழி இல்லை.